மேடையில் நான் வயது கூட்டிய உடைவாள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்துகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததைக் கண்டவராக இருங்கள், போதும்.

வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, நிலைக்கண்ணாடியோடு ஓர் உடைவாளையும் எடுத்திருந்தார். வீரம் பெரிதா கல்வி பெரிதா என்று வாலிபர் சங்கத்தில் தர்க்கம். வீரத்தின் தரப்பில் பேசவிருந்த நான் அதை இரவல் வாங்கினேன். உறையிலிருந்து உருவி, பாளையக்காரர் போரில் வெள்ளைத் தளபதியைக் குத்திச் சாய்த்து நம்மவர் பறித்த வாள் இது என்று முழங்கினேன். ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை. வாக்கியம் அந்த இடத்தில் ஒரு வெற்றியைக் கேட்டது, கொடுத்தேன். முன்வரிசையில் அண்ணாச்சி பூரித்துப் போயிருந்தார்.

சில வாரங்களில் கலெக்டர் துரையைச் சுதேசி வாலிபர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அதன்பின் தெருவில் இருவர் பேசினால், அருகே நிற்கும் மூன்றாமவர் யாரென்று பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் காலை போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. துணிப்பொதிமேல் வாள் கிடந்தது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி தம் கடையிலேயே நின்றுகொண்டிருந்தார். லைசென்ஸ் இல்லாத ஆயுதம். அதற்கு நான் சூட்டிய கதை வேறு. அவரைச் சிறைக்கு அனுப்ப அவ்வளவு போதும்.

"உள்ளதைச் சொல்லும்வே தம்பி," என்றார் அண்ணாச்சி. "அது என்ன வாளுன்னு நீருதான ஊருக்கே சொன்னீரு."

அன்றுதான் அதை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். விரலை ஓட்டினேன், அடி முதல் நுனி வரை சாணை காணாத இரும்பு. பிடியில் முத்துச்சிப்பியும் பொன்முலாமும். போர்க்களத்தில் வியர்த்த கைக்கு அது வழுக்கும். பிடியை ஒட்டியிருந்த துருவை எண்ணெய்த் துணியால் தேய்த்தேன். பூங்கொடிகளுக்கு நடுவே ஒரு கிரீடம். அதனடியில், காலமான மகாராணியின் பெயரெழுத்து. அவர் பிறக்கும் முன்பே பாளையக்காரர் போர் முடிந்துவிட்டது. தர்பாருக்கும் விருந்துக்கும் துரைமார் இடுப்பில் தொங்கவிடும் அணிகலன் இது என்று, மேடையில் பேசியதைவிடத் தெளிவாகவே எடுத்துரைத்தேன்.

இன்ஸ்பெக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இது வாழைக்காயைக்கூட வெட்டாதுன்னு எனக்கும் தெரியுதுவே. ஆனா அன்னைக்குக் கை தட்டுனவனுக்கு இது வெள்ளைக்காரனைக் குத்துன வாளுலா? நீரு பேசுனதை ஒருத்தன் வரி விடாம எழுதிக் குடுத்திருக்கான்." எழுந்துகொண்டே சொன்னார்: "உம்மகிட்ட பைய வாரேன்."

அண்ணாச்சியை வண்டியில் ஏற்றினார்கள். எதிர்க்கடைக்காரர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். வாசலுக்கு ஓடிவந்த அண்ணாச்சியின் மனைவி என் பக்கம் திரும்பினார். தெரு முழுதும் கேட்கும்படி சொன்னேன்:

"மதினி, வார சனிக்கிழமை அதே மேடையில ஏறி, நான் சொன்னது அத்தனையும் பொய்யின்னு சொல்லுதேன். எழுதிக் குடுத்தவன் அதையும் எழுதட்டும்."