நடுவில் நசுங்கிய ட்யூப்

குடியாத்தம் முத்துமாரிக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். கல்யாணமான புதிதில் மிக்ஸி நின்றுபோனது. கணவன் கோவிந்தசாமி அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, மறுநாளே புதிதாக வாங்கி மாட்டிவிட்டாள். எட்டாவதோடு படிப்பு நின்றவள்தான். ஆனாலும் வடை கட்டிவந்த காகிதத்தைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். தைப்பதற்கு முன்னால் தோல் துண்டின் ஓரத்தை மிஷினில் சீவி மெலிசாக்குவது அவள் வேலை. நாற்பத்தோரு வயதிலும் அந்த லைனில் அவள் கைக்குத்தான் வேகம். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு நாள் இடுப்பில் அரித்தது. பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில், வேர்வை தங்கும் மடிப்பில், சிவப்பாக ஒரு பொட்டு. பத்து நாளில் அது வளையல் அளவுக்கு வட்டமாக விரிந்தது. முத்துமாரிக்கு ஆச்சரியமாக இருந்தது. வட்டத்துக்கு நடுவில் தோல் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. ஓரம் மட்டும் மேடேறிப் பொருக்குத் தட்டியிருந்தது.

பக்கத்து மேஜையில் தோலுக்குப் பசை தடவும் அஜீஸுன்னிசா இதைக் கவனித்தாள்.

"இன்னாக்கா, காலையில இருந்து கை இடுப்புலயே கீது?"

"படர்தாமரை போல."

"அதுக்கா இவ்ளோ பேஜாரு? எங்க வீட்ல ஒரு க்ரீம் கீது. ரெண்டே நாள்ல அமுங்கிடும். நாளைக்கு எடுத்தாறேன்."

அவள் சொன்னபடியே இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் போய்விட்டன. முத்துமாரி க்ரீமை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் ஒரு வட்டம் இருந்த இடத்தில் இரண்டு வந்தன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் அஜீஸுன்னிசா தந்த காலி ட்யூப்பைக் காட்டினாள். சீட்டு ஏதும் கேட்காமல் அதே க்ரீமைக் கொடுத்தார்கள். மறுபடி போனது, மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை.

வேறு யாராவது என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள். இவள் ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, வட்டத்தின் வெளி ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டுவைத்தாள். கோடு அழிய அழிய அதன்மேலேயே வரைந்தாள். க்ரீம் தடவிய நாட்களில் அரிப்பே இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தபோது, மங்கலாக ஒரு விளிம்பு கோட்டைத் தாண்டி அரை விரல் போயிருந்தது. அரிப்பை அடக்குகிற மருந்து ஏன் இதை அடக்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரமே இன்னொன்றையும் பார்த்தாள். ட்யூப்பை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவது அவள் பழக்கம். பேஸ்ட் என்றாலும் அப்படித்தான். அன்று சாயங்காலம் ட்யூப் நடுவில் நசுங்கிக் கிடந்தது, கனமும் குறைந்திருந்தது. மகள் கல்யாணமாகி அரக்கோணத்தில் இருக்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"ஏங்க, இந்த ட்யூப்ப எடுத்தீங்களா?"

கோவிந்தசாமி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொசு கடிச்சுது. கொஞ்சம் தடவினேன்."

"கொசுக்கடிக்குப் பாதி ட்யூப்பா?"

அவள் டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எட்டு மாசமா கீது. தொடை இடுக்குல. தறி ஷெட்டுல நாள் பூரா வேர்வையில நிக்கிறோம். இதைப் போய் யாராண்ட சொல்றது?"

"என்னாண்டகூடவா?"

விசைத்தறி ஷெட்டுக்குப் பக்கத்துக் கடையில் இதே மாதிரி ஒரு க்ரீமை அவனும் வாங்கித் தடவி வந்திருக்கிறான். தீர்ந்துபோன நாட்களில் இவளுடையதை எடுத்திருக்கிறான். முத்துமாரிக்குக் கோபம் வரவில்லை. அவள் கண் பாத்ரூம் ஆணியில் தொங்கிய துண்டின் மேல் போய் நின்றது. இருவருக்கும் அது ஒன்றுதான்.

மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்யூப்பில் இருந்த பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். மூன்று மருந்துப் பெயர்கள் இருந்தன. ஒரு சீக்குக்கு எதற்கு மூன்று மருந்து? இந்தக் கேள்விக்காகவே சனிக்கிழமை லீவு போட்டு, வரமாட்டேன் என்ற கோவிந்தசாமியையும் கிளப்பிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

தோல் டாக்டர் கிறிஸ்டினாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பேனாக் கோடுகளைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா இந்தக் கோடு போடச் சொன்னது?"

"நானாதான் மேடம். வளருதா இல்லையான்னு பாக்க."

டாக்டர் ட்யூப்பை வாங்கி ஒரு பெயருக்குக் கீழே அடிக்கோடு போட்டார். "இது பூஞ்சைக்கான மருந்து. இந்த ரெண்டாவது இருக்குதே, இது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிடும். கூடவே பூஞ்சையை எதிர்க்கிற தோலோட சக்தியையும் அமுக்கிடும். அதனாலதான் மேல நல்லா தெரிஞ்சும் ஓரத்துல பரவிக்கிட்டே போகுது. மூணாவது பாக்டீரியா மருந்து. உங்களுக்கு அது தேவையே இல்ல."

திரைக்குப் பின்னால் கோவிந்தசாமியைப் பரிசோதித்துவிட்டு வந்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. எட்டு மாத ஸ்டீராய்டில் தொடைத் தோல் மெலிந்து, பிள்ளை பெற்றவள் வயிற்றில் விழுவதுபோல வரிகள் விழுந்திருந்தன. அந்த வரிகள் முழுசாக மறையாது என்றார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அவனுக்கு மட்டும் மாத்திரை எழுதினார். இரண்டு பேருக்கும் பூஞ்சை மருந்து மட்டுமே உள்ள வேறு க்ரீம் கொடுத்தார்.

"குளிச்சு, நல்லா துடைச்சு, ஈரம் காஞ்சப்புறம் தடவுங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்பிக்க வேணாம், மெலிசா போதும். ஓரத்தைத் தாண்டி ரெண்டு விரல் அகலம் வெளியேயும் தடவணும். அப்புறம் கை கழுவிடுங்க."

"தாண்டி எதுக்கு மேடம்? அங்க ஒண்ணும் இல்லியே?"

"கண்ணுக்குத் தெரியாம அது அங்க போயிருக்கும். நடுவுல இருந்து வெளிப்பக்கமா வளர்ந்துகிட்டே போகும். அதான் வட்டமா தெரியுது. தோல் சுத்தமா ஆனப்புறமும் ரெண்டு வாரம் தடவணும். எரிச்சலோ கொப்புளமோ வந்தா நிறுத்திட்டு இங்க வாங்க. எப்படியும் ஒரு மாசத்துல வந்து காட்டுங்க." பிறகு கோவிந்தசாமியிடம், "ஸ்டீராய்டை நிறுத்தினதும் உங்களுக்கு முதல்ல அரிப்பு ஜாஸ்தியாகும். பழைய க்ரீமை மட்டும் தொடாதீங்க" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஐந்தாம் நாள் கோவிந்தசாமி தொடை சிவந்து, உட்கார முடியாமல் தவித்தான். "அந்தப் பழசையே கொஞ்சூண்டு குடு மாரி, தாங்கல" என்று கெஞ்சினான். பழைய ட்யூப்புகளை அவள் டாக்டரைப் பார்த்துவந்த அன்றைக்கே கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, நேரில் போய் அரிப்புக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். துணிகளைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டாள். அவனுக்குப் பச்சைத் துண்டு, தனக்கு மஞ்சள். பாவாடை நாடாவை இரண்டு நாளுக்கு ஒருமுறை உருவி மாற்றினாள். அவன் ஜட்டியை மட்டும் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் கட்டிய கொடியில் உலர்த்திக்கொள்வான். அதையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள்.

மூன்றாவது வாரம் அவள் இடுப்பு சுத்தமானது. விட்டுவிடலாமா என்று கை தயங்கியது. டாக்டர் சொன்ன கண்ணுக்குத் தெரியாத ஓரம் நினைவுக்கு வர, மிச்ச நாட்களையும் தடவி முடித்தாள். கோவிந்தசாமிக்குக் குணமாக மூன்று மாதம் ஆயிற்று. வரிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் தறியில் நிற்கும்போது கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்று ஒரு நாள் சோறு சாப்பிடும்போது தானாகவே சொன்னான்.

அஜீஸுன்னிசாவிடம் முத்துமாரி முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "தெரியாம குடுத்துட்டேனேக்கா" என்று அவள் வருத்தப்பட்டாள். இப்போது கம்பெனி பஸ்ஸில் யாராவது கைப்பையிலிருந்து ட்யூப்பை எடுத்து நீட்டினால் முத்துமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களைப் பார்ப்பாள். "நான் டாக்டர் இல்ல. இதுல ஸ்டீராய்டு கீது, கேக்காம தடவாத. தோல் டாக்டர் வர்ற நாளைச் சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கடைசியாக டாக்டரைப் பார்த்த அன்று அவளிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"மேடம், இந்தப் பூஞ்சை நம்ம தோலைத் தின்னுதே, கம்பெனியில வெச்சிருக்கிற தோலையும் தின்னுமா?"

டாக்டர் யோசித்தார். "இது நம்ம மேல்தோல், முடி, நகம், இதுல வாழ்ற ஜாதி. பதப்படுத்தின தோலுக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாதும்மா. உங்க கம்பெனியிலதான் கேக்கணும்."

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் முத்துமாரி தோல் கிடங்குக்குப் போனாள். பொறுப்பாளர் மக்பூல் அகமது கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பிறகு அவளை உள்ளே கூட்டிப்போய், மழையில் நனைந்து ஒதுக்கிவைத்த ஒரு தோலை விரித்துக் காட்டினார். அதன்மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது.

"இது வேற ஜாதிம்மா. இது வரக்கூடாதுன்னு பதப்படுத்துறப்பவே மருந்து போடுவாங்க. ஈரம் பட்டா அதையும் மீறி வந்துடும்."

முத்துமாரி குனிந்து பார்த்தாள். இங்கேயும் சில இடங்களில் வட்ட வட்டமாகத்தான் இருந்தது.

"அந்த மருந்து பேரு இன்னா பாய்?" என்று கேட்டாள்.