இமையை மூடாமல் கட்டிய கட்டு

பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்த என் கணவருக்கு அன்று தண்ணீர் வாயில் நிற்கவில்லை. வலது கடைவாய் வழியாக ஒழுகிப் பனியனை நனைத்தது.

"ஏட்டி, இங்கன வா. என் மூஞ்சியப் பாரு."

முகத்தின் வலது பாதி தொங்கிப்போய், வாய் இடப்பக்கமாகக் கோணி இழுத்திருந்தது. வலது கண் மட்டும் சிமிட்டாமல் என்னைப் பார்த்தபடியே இருந்தது.

என் மாமனார் பக்கவாதத்தில் ஏழு வருடம் படுத்துக் கிடந்து இறந்த வீடு அது. அவருக்கு எல்லாம் செய்தது நான்தான். அதனால் இவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஏழு வருடமும் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். அன்று அவர் வேலை பார்க்கும் நூல் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் போனோம். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கைகளைத் தூக்கச் சொன்னார். இவர் தூக்கினார். பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு, "நெத்தியச் சுருக்குங்க" என்றார். இடது பாதியில் கோடுகள் விழுந்தன. வலது பாதி வழுவழுவென்று அப்படியே இருந்தது.

"இது பக்கவாதம் இல்லம்மா. அதுன்னா பெரும்பாலும் நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்கும். இது காதுக்குப் பின்னால இருந்து முகத்துக்கு வார நரம்புல வீக்கம். முதல் மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது. உடனே வந்துட்டீங்க."

பக்கவாதம் இல்லை என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அதற்கப்புறமும் நெடுநேரம் பேசினார். கண்ணில் விடச் சொட்டு மருந்து, தூங்கும்போது போடக் களிம்பு, பிளாஸ்திரி என்று எழுதினார். விரலைத் தன் இமைமேல் வைத்துக்கூட ஏதோ காட்டினார். நான் தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக் கட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவில் தங்கியது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார். இடது கண் மூடியிருந்தது. வலது கண் பாதி திறந்து, விழி மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரிந்தது. மாமனாரின் கடைசி நாள் முகம் அது. என்னால் பார்க்க முடியவில்லை. பஞ்சை மடித்து அந்தக் கண்மேல் வைத்து, பிளாஸ்திரியால் அழுத்தி ஒட்டினேன். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடியில் கண் திறந்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவர், "உறுத்துதுட்டி" என்றார்.

"நோவு அப்படித்தான் இருக்கும். பைய சரியாயிரும்."

அதன்பிறகு அவர் சொல்லவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். சொட்டு மருந்து விடக் கட்டை எடுப்பேன், விட்டதும் மறுபடி ஒட்டிவிடுவேன். கண் சிவந்திருந்தது. அதையும் நோவின் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் கட்டை எடுத்தபோது கருவிழியின் நடுவில் அரிசிக் குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது.

திருநெல்வேலியில் கண் டாக்டர் நெடுநேரம் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இமைய மூடாமலே கட்டியிருக்கீங்க. பஞ்சு உரசி உரசிக் கருவிழி புண்ணாகி, சீழ் வச்சிருக்கு. யாரு கட்டுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நாந்தான் கெட்டுனேன்" என்றார்.

அந்த நாட்களில் அவர் பேச்சில் பகரமும் மகரமும் காற்றாகப் போய்விடும். இது மட்டும் தெளிவாக வந்தது. நான் மறுக்கவில்லை. டாக்டர் அவரைத் திட்டினார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அங்கே ஒரு நர்ஸ் என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். முதலில் களிம்பு. பிறகு மேல் இமையை விரலால் கீழே இறக்கி, கண் முழுக்க மூடிவிட்டதைப் பார்த்த பிறகு, இமையோடு சேர்த்துப் பிளாஸ்திரி. இவ்வளவுதான். புண் ஆறி டாக்டர் சொன்ன நாளிலிருந்து, இமை தானாக மூடும்வரை, தினமும் அப்படியே செய்தேன். செய்யும்போதெல்லாம் அவர் இடது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மாதத்தில் முகம் திரும்பிவிட்டது. தெருவில் எல்லோரும், "மூஞ்சி பழையபடி நேரா வந்துட்டே" என்று சந்தோஷப்பட்டார்கள். வலது கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. புகைக்குள் பார்க்கிற மாதிரி வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார். மில்லில் அறுந்த நூலைப் பிடிக்க முடியாததால் அவரைக் குடோன் வாசல் காவலுக்கு மாற்றினார்கள். வீட்டில் அவர் செம்பிலிருந்து ஊற்றும் தண்ணீர் தம்ளருக்கு வெளியே விழுகிறது. நான் துணியை எடுத்துத் துடைக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு டாக்டர்ட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? கட்டுனது நான்லா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்ப ஏன்?"

"உண்மையச் சொல்லியிருந்தா கண்ணு வந்துருமாட்டி? குழம்ப ஊத்து."

ஊற்றினேன்.