வெர்னாவுக்குக் கிடைத்த கைதட்டல்

வெர்னா ஹ்ரூஸ்கா பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று இறந்த ஐந்து பிள்ளைகளில் அவள் மகன் டேரனும் ஒருவன். அதே ஊர்க்காரி ஜோலீனின் மகளும் அதில் போனாள்.

டிவிக்காரர்கள் ஜோலீன் வீட்டுக்குத்தான் போனார்கள். துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று அவள் பேசினாள். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. வெர்னா வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து துக்க வீட்டுச் சாப்பாடாக மக்ரோனி வந்தது, அதுவும் இரண்டு வாரம்தான்.

"கோட்டு புதுசு, பாத்தியா?" என்றாள் வெர்னா, டிவியில் ஜோலீனைப் பார்த்து.

"நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றான் கணவன் வால்ட்.

"கோட்டுக்கா நான் சாகறேன்? நான் சொல்றத ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்!"

சுட்ட பையன் இரண்டு வருடம் அவள் பேருந்தில்தான் வந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒருநாள் வீடு வரும்வரை ஜன்னல் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டே வந்தான். வெர்னா பள்ளியில் எழுதிக் கொடுத்தாள். மனநல ஆலோசகர் வேலை காலியாக இருக்கிறது என்றார்கள். அதோடு சரி.

துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கருத்துச் சொல்ல மாநிலச் சட்டசபைக் குழு இரண்டு தாய்மார்களையும் அழைத்தது. ஜோலீனுக்கு இருபது நிமிடம், வெர்னாவுக்கு மூன்று.

"சுட்டவன் மனசு உடைஞ்சுபோன பையன். அத யாருமே கண்டுக்கல" என்றாள் வெர்னா.

குற்றம் துப்பாக்கியில் இல்லை என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டு, புதுச் சட்டத்தை எதிர்த்த உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜோலீனின் முகம் செத்துப்போனதை வெர்னா பார்த்தாள். அது இனித்தது.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் தோற்றது. அடுத்த மாதம் கைதட்டிய அதே ஆட்கள் மனநல ஆலோசகர்களுக்கான பணத்தையும் வெட்டினார்கள். வெர்னா அவர்களில் ஒருவருக்குப் போன் செய்தாள்.

"உங்க பேச்சத்தான் ஐயா எல்லாக் கூட்டத்துலயும் சொல்றாரு, மேடம்" என்றாள் அவருடைய உதவியாளப் பெண்.

"ஆலோசகர் எங்கம்மா?"

"அது வேற கமிட்டிங்க."

போனை வைத்தவள் நேராக ஜோலீன் வீட்டுக்குப் போனாள்.

"கைதட்டு பத்தலயா?" என்றாள் ஜோலீன், கதவைப் பாதி திறந்து.

"உன்னப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. அதுல என்னையே அவனுங்க கையில குடுத்துட்டேன்."

ஜோலீன் கதவை முழுதாகத் திறந்தாள். "எனக்கு மட்டும் எரியலயா? நடக்கறதுக்கு முன்னாடியே நீ எழுதிக் குடுத்தவ. நான் எம்பொண்ணு போனப்புறம்தான வாயத் தொறந்தேன்."

அன்று சமையலறை மேசையில் இருவரும் ஒரே மனு எழுதினார்கள். ஆலோசகரும் வேண்டும், சட்டமும் வேண்டும் என்று. எந்தக் கோரிக்கை முதலில் வருவது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் சண்டை.

இப்போது ஆலோசகர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். சட்டம் இன்னும் இழுபடுகிறது. இருவர் படமும் செய்தித்தாளில் வரும் நாட்களில், யார் படம் பெரியது என்று வெர்னா விரலால் அளந்து பார்க்கிறாள்.