கிரிசாந்தோ மனப்பாடம் செய்த எண்

பிங்கோ கூண்டிலிருந்து உருண்டு விழும் எண் பந்தை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடைக்குள் எறிந்துவிடுவார் கிரிசாந்தோ. இரண்டாம் முறை பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. "பி-யில பதினொண்ணு! நம்ம மச்சினன் காலு ரெண்டும்!" என்று மைக்கில் முழங்குவார். அமெரிக்காவில், ஸ்டாக்டன் ஊர் மாதா கோயில் கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்து பன்சித் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருக்கும் சனம் சிரித்தபடி பிங்கோ சீட்டில் அந்த எண்ணின்மேல் சோள மணியை வைக்கும். சீட்டு நிறைந்தவர் கையை உயர்த்தவேண்டும். அது இந்தக் கூடத்துப் பழக்கம்.

வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு, தலைமுடிக்கு மட்டும் முப்பது, எல்லாம் சாயத்தின் உபயம். பாதிரியாரின் போன் நம்பர், யாருடைய கார் நம்பர், எதைக் கேட்டாலும் சட்டென்று வரும். படிக்கக் கண்ணாடி வாங்கியும் வருஷமாகிறது. ஆனால் அதை நாலு பேர் முன்னால் போட்டுவிட்டால் மானம் போய்விடுமாம். "கண்ணாடி எதுக்கு? எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

பெர்லீத்தாவை அவர் வளைத்துப் போட்டதும் அந்த நெற்றியை வைத்துத்தான். அவள் அப்போது படிப்பு முடித்து, வேலை அனுமதி அட்டையோடு முதியோர் இல்லத்தில் சேர்ந்த புதிது. அட்டையை ஒருமுறை இவரிடம் காட்டினாளாம். மறுவாரம் அதிலிருந்த குடியேற்ற எண்ணை ஒரு இலக்கம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். "மத்தவன்லாம் கிட்டார் தூக்கிட்டு வந்தான். இந்த மனுஷன் என் நம்பரைத் தூக்கிட்டு வந்தாரு. நானும் மயங்கிட்டேன், என்னத்தச் சொல்ல!" என்பாள் பெர்லீத்தா.

வினை அங்கேதான் முளைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி என்ற முறையில் அவளுக்கு வேறொரு எண்ணோடு புது வேலை அட்டை கொடுத்தார்கள். நிரந்தரக் குடியுரிமை போல இங்கேயே தங்கவிடும் நிரந்தர அட்டைக்கு விண்ணப்பம் எழுதியபோது, கிரிசாந்தோ புது அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காதலித்த காலத்து எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டார். ஆசையாக எழுதினாரே, அதுதான் கொடுமை! பாதிக் காகிதம் ஒரு கோப்பிலும் மீதி இன்னொரு கோப்பிலும் போய்ப் படுத்துக்கொண்டது. எண் ஒத்துப்போகவில்லை என்று கடிதம் வந்த அன்று மனிதர் சாப்பிடவே இல்லை.

பிலிப்பைன்ஸில், இலோய்லோவில் இருக்கும் பெர்லீத்தாவின் தாய்க்கு எண்பது வயது. மகள் ஊருக்குப் போய் வருஷங்கள் ஓடிவிட்டன. அட்டை கைக்கு வராமல் கிளம்பினால் திரும்பி வர வழியில்லை. "பூசணிக்கொடி காய்ச்சிருக்குடி. நீ வர்ற வரைக்கும் அது இருக்கும், நான் இருப்பேனா?" என்று கிழவி போனில் கேட்டாள். பக்கத்தில் நின்ற கிரிசாந்தோ, குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

குடியேற்ற அலுவலக ஜன்னலுக்கு இருவரும் போனார்கள். அங்கிருந்த அம்மாள் எண்ணைக் கேட்டதும் கிரிசாந்தோ நெஞ்சை நிமிர்த்தி ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ஐயா, வாயால வேண்டாம். அட்டையைக் குடுங்க."

"அவரு பிங்கோ கூப்பிடறவருங்க. வாய் நிக்காது" என்றாள் பெர்லீத்தா. பையிலிருந்து பழைய அட்டை, புது அட்டை, கல்யாணச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள்.

அந்த அம்மாள் பொறுமையாக எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தாள். "ரெண்டும் நீங்கதான்னு தெளிவாத் தெரியுது. ரெண்டு கோப்பையும் ஒண்ணாக்கச் சொல்லி எழுதறேன். இனிமே புது நம்பர் மட்டும்தான். பழசை மறந்துடுங்க."

"மறக்கறதா? அதை வச்சுத்தானே தாயி இவளையே கட்டினேன்!" என்றார் கிரிசாந்தோ. ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு வந்தது.

பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. போன சனிக்கிழமை ஒரு உறை வந்தது. வீட்டில் பிரிக்க இருவருக்குமே தைரியமில்லை. ஞாயிறு ஆட்டம் முடிந்ததும், பெர்லீத்தா அதை அவருடைய மேஜைமேல் வைத்து, மைக்கை அணைத்தாள். கூட்டம் இன்னும் கலையவில்லை. கிரிசாந்தோ உறையைக் கிழித்தார். உள்ளே நிரந்தர அட்டை இருந்தது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. எண் சரியாக இருக்கவேண்டுமே! ஒரு நிமிடம் தயங்கினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு இலக்கமாகத் தணிந்த குரலில் கூப்பிட்டார். பெர்லீத்தா தன் புது வேலை அட்டையிலிருந்த எண்ணின்மேல் சோள மணியை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். கடைசி மணியை வைத்ததும் அவள் கை தானாக மேலே உயர்ந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

கிரிசாந்தோ கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முதல் இலக்கத்திலிருந்து இரண்டாம் முறை படிக்கத் தொடங்கினார்.