பனந்தோப்புக்குப் போன பின்கோடு

எல்மிராவின் வீடு ஆற்றுக்கு இக்கரையில் இருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் அது அக்கரையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் தண்ணீரில்தான் அவள் மகள் தாலிதாவின் மாத்திரைகள் காணாமல் போயின.

தாலிதாவுக்கு வலிப்பு. நகரத்து ஆஸ்பத்திரி மாத்திரைகளைத் தபாலில் அனுப்பும். அவை இருக்கும் நாட்களில் அவள் தூண்டில் போடுவாள், தங்கையோடு சண்டை பிடிப்பாள். தீர்ந்துவிட்டால் அடுப்பருகே கூட விட முடியாது.

எல்லாம் அரசாங்க நில அளவையாளன் வந்த நாளில் தொடங்கியது. கையில் இடம் குறிக்கும் ஒரு கருவியோடு வந்து, உங்கள் ஊர் எங்கே என்று கேட்டான். இப்பாக் ஊர் ஜனங்கள் அவனைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். எல்மிராதான் முன்னால் உட்கார்ந்து வழி காட்டினாள். முன்பு ஊர் அங்கேதான் இருந்தது. ஆறு கரையைத் தின்றபோது வீடுகள் இப்பக்கம் வந்தன. பாட்டன்கள் நட்ட பனைகள் அங்கேயே நின்றன. அவர்கள் அவஹூன் பழங்குடி; அவஹூன் மனிதருக்குப் பனை எங்கே காய்க்கிறதோ அதுதான் ஊர். வீடு என்பது படுக்கிற இடம். அளவையாளன் கருவியை அழுத்தினான், பழம் தின்றான், போய்விட்டான். எங்கே படுக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

இப்பாக்குக்குப் பின்கோடு வந்தது, அக்கரை மாவட்டத்தின் எண்ணாக. மாத்திரைப் பொட்டலம் அந்த மாவட்டத்துத் துறைமுக ஊருக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கே திரும்பியும் போயிற்று. தாலிதா இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை நாக்கு கிழிந்தது.

எல்மிரா துடுப்பை எடுத்துக்கொண்டு அந்தத் துறைமுக ஊரின் தபால் அறைக்குப் போனாள். பட்டுவாடா செய்யும் வெனான்சியோ தலை நிமிராமல் பேசினான்.

"ரெண்டு தடவை போட் எடுத்துட்டுப் போனேன்மா. அங்க பனமரம்தான் நிக்குது. பனமரத்துக்கிட்ட கையெழுத்து வாங்க முடியுமா?"

"ஓட்டுக் கேக்க வர்ற போட்டுக்கு மட்டும் எங்க வீடு எப்படித் தம்பி தெரியுது?"

"நீங்கதானே எடத்தைக் காட்டினீங்க."

"கேட்டதைக் காட்டினோம். கேக்காததை எப்படிக் காட்டுறது?"

மனு கொடுத்தால் எண் மாறும், ஆனால் மேலிடத்துக்குப் போய் வர வேண்டும் என்றான். அதுவரை வலிப்பும் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டா வரும் என்று அவள் கேட்டாள். அடுத்த பொட்டலம் வரும் போட் எது என்பதை மட்டும் அவன் சொன்னான்.

ஊருக்குத் திரும்பியவள் அக்கரைக்குப் போக மகளையும் பானையையும் படகில் ஏற்றினாள். நாத்தனார் ஃபிலோமினா கரையில் நின்று சிரித்தாள்.

"மாத்திரைக்காகப் புருஷனையே விட்டுட்டுப் போறீங்களா அண்ணி?"

"பசிச்சா நீந்தி வருவாரு. அவருக்கு எந்தப் பின்கோடும் வேணாம்."

சிரித்தவளே பின்னால் ஓலைக்கட்டோடு வந்து சேர்ந்தாள். பனைகளுக்கு நடுவில் நாலு கால் ஊன்றி, மேலே ஓலை போட்டு, அடியில் தீ மூட்டினார்கள். ஒரு அரசாங்க எண்ணுக்காக ஒரு வீடு. கட்டி முடிக்கும்வரை எல்மிரா பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

போட் வந்தது. புகையைப் பார்த்த வெனான்சியோ கரையேறி, "வீடு வந்திருச்சே" என்றான். அவள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, அங்கேயே ஒரு மாத்திரையை மகள் வாயில் போட்டாள். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

வெனான்சியோ நகரவில்லை. பானையில் மரவள்ளிக் கள் இருந்தது. அந்த ஆற்றில் வந்தவரை வாய் நனைக்காமல் யாரும் அனுப்புவதில்லை. அவனும் அந்த ஆற்றில் வளர்ந்தவன்தான். எல்மிரா ஒரு வாழையிலையைக் கிழித்துப் பானையை மூடினாள்.

"எங்க வீடு எதிர்க்கரையில இருக்கு தம்பி. விருந்தாளிக்கு அங்கதான் ஊத்துவோம். அடுத்த தடவ அங்க வா."