முத்துச்செல்வி ரகம் பிரித்த தோட்டாக்கள்

சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் முத்துச்செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் வெற்றிலை கிள்ளுவாள், ரகம் பிரிப்பாள், நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை குப்புறப் படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் காகிதத்தைச் சுடுவாள். ஊரில் முதலில் யாரும் இதை நம்பவில்லை. நம்பிய பிறகு அவள் கணவன் கருத்தக்கண்ணனிடம் பேசும்போது கொஞ்சம் மரியாதையைக் கூட்டிக்கொண்டார்கள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது பிடித்த துப்பாக்கி அது. கல்யாணமாகி இருபது வருஷம் அதைத் தொடவில்லை. ஒரு நாள் பட்டா வேலையாகத் தல்லாகுளம் போனவள், வரிசை நீளமாக இருக்கிறதே என்று டீ குடிக்க நடந்தாள். வழியில் ரைபிள் கிளப் என்று ஒரு பலகை தென்பட்டது. டீயை மறந்து உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டாள். பட்டா அந்த வாரம் மாறவில்லை.

கிளப்பில் உருப்படியான ரைபிள் ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் கிழடுதட்டியவை. ஆடி மாதப் போட்டியில் அறுபது தோட்டா சுட்டு, அறுநூறுக்கு ஐநூற்று எண்பத்தைந்து எடுப்பவருக்குத்தான் அந்த நல்ல ரைபிள். யாரும் எடுக்காவிட்டால் முதலில் வந்தவர் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அந்தச் சலுகை கிடையாது. முத்துச்செல்வி இரண்டு தடவையும் வாங்கிவிட்டாள். இந்த ஆடியில் எண்பத்தைந்தைத் தொடாவிட்டால் ரைபிள் கைவிட்டுப் போய்விடும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சியிலோ ஐநூற்று எழுபத்தெட்டைத் தாண்டவே மாட்டேன் என்றது. பத்து தோட்டாவில் ஏழு நடுவில் விழும், மூன்று எங்காவது போகும். கிளப் செயலாளர் பீமாராவ், ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"கை ஆடுதும்மா. வயசாகுதுல்ல."

அவருக்கு எழுபத்தொன்று. முத்துச்செல்வி காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் விரித்து நெடுநேரம் பார்த்தாள்.

"சார், கை ஆடுனா நாலு பக்கமும்ல போகணும். இது கீழ மட்டும்தான் இறங்குது."

பீமாராவ் குனிந்து பார்த்தார். வழி தவறிய மூன்றும் நடுவுக்கு நேர் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வேகம் குறைந்த தோட்டா போகிற வழியில் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரிந்ததுதான்.

"அப்ப தோட்டா சரியில்லைங்கிறியா? எல்லாம் ஒரே பெட்டிம்மா."

"ஒரே கொடியில பறிச்ச வெத்தலையே எல்லாம் ஒண்ணுபோல இருக்காது சார்."

தோட்டாவைக் கிளப்பை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் அடுத்த ஞாயிறு ஒரு நகைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பீமாராவ் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட, பெட்டியில் இருந்த முந்நூறு தோட்டாவையும் எடை போட்டாள். ஒத்த எடையில் பத்தைத் தேர்ந்து சுட்டாள். மூன்று மறுபடியும் கீழே போயின. ஒரு நாள் முழுக்கப் பட்ட பாடு வீணாகப் போனதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பேருந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் வெற்றிலை அடுக்கும்போதுதான் பொறி தட்டியது. வெற்றிலையை யாரும் எடை பார்த்தா ரகம் பிரிக்கிறார்கள்? முற்றலா இளசா என்று தடிமனைத்தான் பார்க்கிறார்கள். தோட்டாவின் பின்பக்கம் சுற்றிலும் ஒரு விளிம்பு உண்டு, அதற்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அடிப்பதும் அங்கேதான். விளிம்பின் தடிமன் மாறினால் அடி விழுவதும் மாறுமே என்று யோசித்தாள். சுட்டுப்போட்ட வெறும் கூடு ஒன்றை வாங்கிக்கொண்டு, அலங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தன் மருதுவிடம் போய் நின்றாள்.

"இது உள்ள போய் விளிம்புல நிக்கிற மாதிரி ஒரு குழாய் கடைஞ்சு கொடு மருது. தடிமனை அளக்கணும்."

"மதினி, இதுல தலைமுடி கனம்தான வித்தியாசம் இருக்கும்?"

"அந்தத் தலைமுடிதான் என்னைக் கொல்லுது."

மருது குழாயோடு, தலைமுடி கனத்தையும் அளக்கும் தன் மைக்ரோமீட்டரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினான். கிளப்பில் உட்கார்ந்து அளந்து பார்த்தால் மிச்சமிருந்த தோட்டாக்கள் நாலு ரகமாகப் பிரிந்தன. ஒவ்வொரு ரகத்திலும் பத்து எடுத்துச் சுட்டாள். எந்த ரகமானாலும் தன் கூட்டத்தோடு சேர்ந்து நெருக்கமாகவே விழுந்தது. கலந்து சுட்டால்தான் வினை. நடுத்தர விளிம்பு அச்சாக நடுவில் விழுந்தது. மெல்லிய விளிம்பு காகிதத்தில் ஒரு வளையம் கீழே விழுந்தது. ரைபிளில் குறியை ஏற்றி இறக்கும் குறிவளையத்தை மூன்று கிளிக் ஏற்றினால் அதுவும் நடுவுக்கு வந்தது. முத்துச்செல்வி அதையும் மனசில் போட்டுக்கொண்டாள்.

போட்டிக்கு நடுத்தரத்தில் எழுபத்திரண்டு தேறியது. அறுபது கணக்குக்கு, பன்னிரண்டு குறி சரிபார்க்க. எதற்கும் இருக்கட்டும் என்று மெல்லியதில் கொஞ்சம் தனி டப்பாவில் எடுத்துவைத்தாள்.

போட்டியன்று ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. காற்றின் போக்கு பிடிபடவே பதினைந்து தோட்டா செலவாகிவிட்டது. நடுத்தரத்தில் மிச்சம் ஐம்பத்தேழு. மூன்று குறைகிறது என்று தெரிந்தேதான் படுத்தாள். கை ஆடவில்லை.

ஐம்பத்தேழு சுட்டு முடித்தபோது பீமாராவின் நோட்டில் ஐநூற்று ஐம்பத்தேழு. மிச்சம் மூன்றில் இருபத்தெட்டு வேண்டும். கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்த கருத்தக்கண்ணன் கயிற்றுக்கு வெளியே துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். இனி மூச்சை அடக்கி ஒரே போக்கில் முடிக்க வேண்டிய நேரம். முத்துச்செல்வியோ இன்னொரு டப்பாவைத் திறந்து, நிதானமாகக் குறிவளையத்தைத் திருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பீமாராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி மூன்று தோட்டாவில் குறியை மாற்றுகிறவரை நாற்பது வருஷ அனுபவத்தில் அவர் பார்த்ததில்லை. "போச்சு," என்றார் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கருத்தக்கண்ணனிடம். "எல்லாம் போச்சு."

"அவ தெரியாமச் செய்ய மாட்டா சார்," என்றார் கருத்தக்கண்ணன். அவருக்கு ரைபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் தோட்டா பத்து. காற்று ஒரு தள்ளுத் தள்ள, அடுத்தது ஒன்பது. முத்துச்செல்வி ரைபிளை இறக்கி, மண் அடங்கும்வரை காத்திருந்தாள். கடைசித் தோட்டா போன பிறகு பீமாராவ் டெலஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"பத்து," என்றார். பிறகு, "ஐநூத்தி எண்பத்தாறு."

முத்துச்செல்வி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை, சத்தமாகச் சிரித்தாள், கண்ணிலும் தண்ணீர் வந்தது. கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத அறையில் பீமாராவ் ரைபிளை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"அடுத்த பெட்டி வந்ததும் மத்தவங்களுக்கும் பிரிச்சுக் கொடுக்க முடியுமாம்மா?"

"வாரேன் சார். முதல் கவுளி எனக்கு," என்றாள் முத்துச்செல்வி. துணியை எடுத்துத் தன் ரைபிளைத் துடைக்க உட்கார்ந்தாள்.