ராகு காலத்தில் ஊற்றிய ஆயில்

என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், ரவுண்ட் ராக்கிலிருந்து வந்தால் எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று பாழாகும். போன தடவை டிஷ்வாஷர். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று கழற்றினார். அதன் பிறகு சத்தமே இல்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணி, இப்போது எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டார். என் கணவர், சூப்பரா இருக்குண்ணா என்றார். நான் சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏப்ரலில் அவர் கண் என் மோட்டார் சைக்கிள்மேல் விழுந்தது. நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் குளிர் தொடங்கியதும் வண்டியைக் கராஜுக்குள் ஏற்றி, பாட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, போர்வை போட்டு மூடிவிடுவேன். பனியெல்லாம் போனதும் பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றிவிட்டுத்தான் வெளியே எடுப்பேன். மாதக்கணக்கில் நின்ற ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். எல்லா வருஷமும் நானே செய்கிற வேலை, யாரையும் கூப்பிட்டதில்லை.

அந்த வண்டியைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போதுகூட யாராவது ஓர் ஆன்ட்டி, "வீட்டுல ரெண்டு கார் இருக்குல்ல, அப்புறம் எதுக்கும்மா இது?" என்று கேட்பார். இந்த நாட்டில் ஆபீஸ் போக, பிள்ளையை அழைத்துவர, பால் வாங்க என்று எங்கே போனாலும் ஒரு காரணத்துக்காகத்தான் காரை எடுக்கிறேன். காரணமே இல்லாமல் நான் போவது அந்த வண்டியில் மட்டும்தான். இதை ஆன்ட்டிக்கு எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒரு பேச்சு நடந்து முடிந்திருந்தது. ஏப்ரலில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் இருக்கட்டும், மக்கர் பண்ணினால் விற்றுவிடலாம். சொன்னது என் கணவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எரிச்சலில் நானும் சரி என்றுவிட்டேன். மக்கர் பண்ணாது என்று அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து கராஜுக்குப் போனேன். ஆயில் பாட்டில்களையும் புது ஃபில்டரையும் ஷெல்ஃபில் எடுத்து வைத்தேன். ஸ்பானரைக் கையில் எடுத்தேன், மூத்தார் வந்து நின்றார்.

"நீ ஏம்மா தரையில உக்காந்துகிட்டு? குடு இங்க. காலேஜ்ல நான் டூ வீலர் வச்சிருந்தவன்."

"பரவால்லீங்க மாமா, நானே பண்ணிக்கறேன்."

"அட, குடும்மா."

கோயம்புத்தூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் மாமியார் கதவருகே நின்று, "அதான் பெரியவன் பண்றேங்கறானே, குடுத்துரு கண்ணு" என்றார். கொடுத்துவிட்டேன். அத்தைக்கு முன்னால் ஸ்பானருக்காக மூத்தாரோடு மல்லுக்கட்டவா முடியும்?

டாக்டர் மாதிரி இரண்டு கைக்கும் கிளவுஸ் மாட்டிக்கொண்டார். ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, அதைத் தன் தம்பி கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அடியில் இருந்த போல்ட்டைத் திறந்ததும் ஆயில் கறுப்பாகத் தட்டில் கொட்டியது. "பாத்தியா, எவ்ளோ கறுப்பு" என்றார், ஏதோ அவர் வந்ததால்தான் அது கறுத்தது என்பது போல. பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதுசை மாட்டினார். அதுவரை தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏண்டா, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டிய எடுத்துருங்க."

ஊரிலிருந்து அத்தை கொண்டுவந்த காலண்டர் எங்கள் ஃபிரிட்ஜில் தொங்குகிறது. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. மூத்தார் சும்மா விடுவாரா? அது இந்தியா கணக்கு, இங்கே சூரியன் உதிக்கிற நேரத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று தன் ஆப்பைத் திறந்தார். ஆப் ஆறு மணியிலிருந்து ஏழரை என்றது. காலண்டர் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆப் தப்பு என்றால் மானம் போய்விடும். கடைசியில் இரண்டையும் மதித்துவிடுவது என்று தீர்ப்புச் சொன்னார். ஆக, நாலரையிலிருந்து ஏழரை வரை எங்கள் வீட்டில் ராகு காலம். ஒரே நாளில் இரண்டு ராகு காலம் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மணி நாலேகால் தாண்டிவிட்டது. வீடே பறந்தது. தேங்காய் எங்கே, தீப்பெட்டி எங்கே. என்னை எலுமிச்சம்பழம் எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. படித்தவர்கள்தான் எல்லோரும். கற்பூரத்தைக் கராஜுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். சகுனம் தெரியாதவள் என்று மூத்தார் முகத்தைச் சுளித்தார்.

குனிந்து முன்சக்கரத்தின் கீழே பழத்தை வைத்தேன். மூத்தார் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் அது என் வண்டியின் சத்தமே இல்லை. வறட்டுத்தனமாகக் கடகடத்தது. நிமிர்ந்தால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தபடியே இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஷெல்ஃபில் ஆயில் பாட்டில்கள், ஒன்றின் சீல்கூட உடைக்காமல், நான் வைத்தபடியே நின்றன.

பாய்ந்துபோய் ஹாண்டிலில் இருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டி இன்ஜினை நிறுத்தினேன்.

"நல்ல நேரத்துல ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்துன?"

"மாமா, ஆயில் ஊத்துனீங்களா?"

அவர் தம்பியைப் பார்த்தார். "ஊத்துனேன்ல?"

என் கணவர் பாட்டில்களுக்கு நேர் எதிரே நின்றிருந்தார். "ஊத்திருப்பீங்கண்ணா" என்றார்.

நான் கையை நீட்டி ஷெல்ஃபைக் காட்டினேன். மூத்தார் கிளவுஸைக் கழற்றியபடி, "இதுக்குத்தான் சொல்றது, பழைய வண்டின்னாலே தலைவலி. மணி நாலரை ஆச்சு, இனிமே தொடக்கூடாது. பேசாம வித்துருங்கடா" என்றார்.

என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, ஸ்டார்ட் ஆகலன்னா குடுத்துடலாம்னு நாமளும் பேசினோம்ல" என்றார்.

மூத்தார் மேல் எனக்கு இருந்தது வெறும் இளக்காரம். அது பழைய சமாச்சாரம். இவர் சொன்னதைக் கேட்டபோதுதான் உடம்பு எரிந்தது. ஓடிய வண்டியை நான் கையால் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்த மனிதர். அண்ணன் மனம் நோகக்கூடாது என்பதற்காக என் வண்டியைத் தூக்கிக் கொடுக்கிறார்.

எல்லோரும் காபி குடிக்க உள்ளே போனார்கள். நான் கராஜ் தரையில் உட்கார்ந்தேன். மூத்தார் விரலால் மட்டும் திருகிவிட்டிருந்த அடி போல்ட்டை ஸ்பானர் போட்டு இறுக்கினேன். பாட்டிலின் சீலை உடைத்து நிதானமாக ஊற்றினேன். தேன் நிறத்தில் ஆயில் இறங்கியது. வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்து, பக்கவாட்டிலுள்ள சின்னக் கண்ணாடியில் அளவு பார்த்தேன். பட்டனில் விரல் வைத்தபோது பயமாகத்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேர வறட்டு ஓட்டம் உள்ளே எதையெல்லாம் தேய்த்திருக்குமோ.

அழுத்தினேன். சிவப்பு விளக்கு ஒரு கணம் நின்று அணைந்தது. கடகடப்பு போய், எனக்குத் தெரிந்த அந்தச் சத்தம் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு என் கணவர் காபி டம்ளரோடு ஓடிவந்தார். "ராகு காலத்துலயா ஸ்டார்ட் பண்ணின?"

"ரெண்டு ராகு காலத்துல ஒண்ணு" என்றேன். "ஸ்டார்ட் ஆயிருச்சு. பேசினது பேசினதுதான."

அவர் தலையாட்டினார். யார் எது சொன்னாலும் ஆட்டுகிற தலை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து சக்கரத்தின் கீழிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். நசுங்கவில்லை, நல்ல பழம். அவர் கையில் வைத்தேன்.

"உங்க அண்ணனுக்கு ஜூஸ் போட்டுக் குடுங்க. வேலை செஞ்சு களைச்சிருப்பாரு."

கராஜ் கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன். ஏழரைக்குப் பிறகுதான் வீடு திரும்பினேன்.